குறுக்கீட்டு விளைவு

'குறுக்கிடு' என்ற வினையிலிருந்து வந்த பெயர் குறுக்கீடு. பேச்சின் நடுவே புகுவதற்கும் வழிமறிப்பதற்கும் வழங்கும் இச்சொல்லை நம் இயற்பியல் பாடநூல்கள் ஒளிக்கும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தின் 'இன்டர்ஃபெரன்ஸ்', ஒன்றையொன்று தாக்குதல் என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையின் வழி வந்தது. அதை ஒளியியலுக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் யங். காலம் 1800களின் தொடக்கம்.

ஆனால் ஒளி அலைகள் ஒன்றையொன்று தடுப்பதே இல்லை. இரண்டு குறுகிய பிளவுகளிலிருந்து வரும் அலைகளில் முகடும் முகடும் சேரும் இடத்தில் பொலிவுப் பட்டை, முகடும் அகடும் சேரும் இடத்தில் கருமைப் பட்டை. பிளவுகளுக்கு இடையே 0.5 மி.மீ., திரை 1 மீட்டர் தொலைவில், ஒளியின் அலைநீளம் 600 நானோமீட்டர் என்றால் ஒரு பட்டையின் அகலம் 1.2 மி.மீ.; வெறுங்கண்ணுக்கே தெரியும். கருமைப் பட்டையில் ஆற்றல் அழிந்துவிடவில்லை, பொலிவுப் பட்டைக்கு இடம் மாறியிருக்கிறது. ஒரு பிளவை மூடிப் பாருங்கள்: இருண்டிருந்த இடத்தில் வெளிச்சம் வரும்! எத்தனை அழகான முரண்!

விளிம்பு விளைவு என்பது வேறு. பிளவின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதை அது குறிக்கும். அந்தப் பரவல் இல்லையென்றால் இரு பிளவுகளின் ஒளியும் திரையில் சந்திக்கவே சந்திக்காது. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றி எழுதாதீர்கள்.