ஆண்டெண்ணின் கீழே ஒரு குறி

மகாவீரர் பிறந்த 2600ஆம் ஆண்டையொட்டி 2001இல் நடுவணரசு வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயத்தைப் பூசைப் பேழையில் போற்றி வைத்திருக்கும் சமண இல்லங்கள் உண்டு. ஆனால் அதன் ஆண்டெண்ணுக்குக் கீழே உற்று நோக்குவார் சிலரே. இந்திய நாணயம் பிறந்த அக்கசாலையை அவ்விடமே உரைக்கும். வைர வடிவம் மும்பைக்கும், ஐந்துமுனை விண்மீன் ஐதராபாத்துக்கும், புள்ளி நொய்டாவுக்கும் உரியவை. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. மூத்த சாலைக்கு அடையாளம் வேண்டா எனக் கருதினர் போலும்! வால்பாறைக் கடைவீதியின் கல்லாப்பெட்டியிலும் இவை கலந்தே கிடக்கும்.

குறி அச்சில் குழியாக வெட்டப்படுவதால் நாணயத்தில் புடைத்தெழுகிறது. புளியும் சாம்பலும் இட்டுத் தீபாவளிதோறும் துலக்கினால் அப்புடைப்பு மழுங்கிவிடும். பின்னர் அதனைக் ‘குறியற்றது, அரியது’ என்று விலை கூறுவோரும் உளர். உருப்பெருக்கி கொண்டு பாராமல் அவர் சொல்லை ஏற்றல் தகாது.

விக்டோரியா காலத்து ரூபாய் இன்னும் சிக்கலானது. 1862 என்னும் ஆண்டையே தாங்கி 1874 வரை அது அச்சாயிற்று. நுண்புள்ளிகளைக் கொண்டே அதன் அச்சுகளை வேறுபடுத்துகின்றனர். சென்னை அக்கசாலையோ 1869இல் மூடப்பட்டது. அதன் பெயர் மட்டும் தங்கசாலைத் தெருவாக இன்றும் வழங்குகிறது.