தொண்டைக்குள் பிறக்கும் காற்று

மார்கழி மாதம். விடிவதற்கு முன்பே திருவெம்பாவை பாடும் குரல்கள் எழுந்துவிடும். மாணிக்கவாசகர் இந்த இருபது பாடல்களையும் திருவண்ணாமலையில்தான் பாடினார் என்பது மரபு. கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்புறம் உள்ள அடி அண்ணாமலையில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. சரி, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைத் தமிழர்கள் மிகப் பழைய காலத்திலேயே கேட்டுவிட்டார்கள்!

தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, கழுத்து, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, மேல்வாய் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தொலி ஆகிறது என்கிறார் தொல்காப்பியர். பன்னிரண்டு உயிர் எழுத்துகளும் தொண்டையில் பிறந்த காற்றால் ஒலிப்பவை என்றும் சொல்கிறார். கழுத்தில் விரலை வைத்து 'ஆ' என்று சொல்லிப் பாருங்கள். அதிர்வு தெரிகிறதா? அவர் சொன்னது அந்த இடத்தைத்தான்.

உடனே 'எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்' என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். இடம் தெரிந்தது, காற்று தெரிந்தது. ஆனால் தொண்டைக்குள் அதிர்வது எது? அதை உயிருள்ள மனிதனிடம் யாரும் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் குரல்வளையைப் புல்லாங்குழல் போன்ற ஊதுகருவியோடு ஒப்பிட்டார். 1741-இல் பிரான்சின் ஃபெர்ரான், இறந்தவர்களின் குரல்வளையில் காற்றை ஊதிப் பார்த்துவிட்டு, இது வயலின் தந்தி மாதிரி என்றார். 'குரல் நாண்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். உண்மையில் அவை நாண்களே அல்ல, தசையின் மேல் மென்மையான சவ்வு போர்த்திய இரண்டு மடிப்புகள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் நன்றாகப் பார்த்தவர் டாக்டர் அல்ல, ஒரு பாட்டு வாத்தியார்! ஸ்பெயினைச் சேர்ந்த மானுவேல் கார்சியா, 1854-இல் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைப் பாய்ச்சி, தன் குரல் மடிப்புகள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டே அது லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது.

சண்டை அதோடு முடியவில்லை. 1950-இல் ரவுல் ஹூசோன் என்ற பிரெஞ்சுக்காரர், ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளையிலிருந்து ஒரு நரம்புக் கட்டளை வருகிறது என்றார். அப்படியானால் நரம்பே வேலை செய்யாத, உடலிலிருந்து எடுத்த குரல்வளை ஊதினால் ஒலிப்பது எப்படி? நெதர்லாந்தின் வான் டென் பெர்க் 1958-இல் தெளிவாக விளக்கினார். மூளையின் வேலை மடிப்புகளை நெருக்கி வைப்பதும் இழுத்துப் பிடிப்பதும்தான். நுரையீரல் காற்று கீழிருந்து முட்டி அவற்றைத் திறக்கிறது. காற்று பாய்ந்ததும் அழுத்தம் குறைகிறது. மடிப்புகள் தம் மீள்தன்மையால் திரும்பி மூடுகின்றன. மறுபடி முட்டல், மறுபடி மூடல். பேசும்போது ஆண் குரலில் இது நொடிக்குச் சுமார் 100 முதல் 125 முறையும், பெண் குரலில் சுமார் 200 முறையும் நடக்கிறது. இந்த ஒலியை வாயும் நாக்கும் மூக்கும் எழுத்தாக வடிக்கின்றன.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன்? நொடிக்கு இருநூறு முறை மோதிக்கொள்ளும் மெல்லிய சவ்வு அது. நாள் முழுக்கக் கத்தும் ஆசிரியருக்கும் வியாபாரிக்கும் அதில் காய்ப்புகள் வரலாம். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியும் சரியாகவில்லையா? கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தொல்காப்பியர் அந்த இயலை முடிக்கும் விதம் அழகு. உள்ளே எழும் காற்றொலியின் அளவை ஆராய்வது அந்தணர் மறையில் உள்ளது, நான் சொல்வது வெளியே கேட்கும் ஒலியை மட்டுமே என்று எல்லை போட்டுக்கொள்கிறார். தன் நூல் எதுவரை பேசும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாரே, அந்த நேர்மைதான் முன்னோரிடமிருந்து நாம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது!