அங்கதக் கூத்து: தொண்டை மண்டலம்

அதிகாரத்தில் இருப்பவர்களின் குறைகளைப் பாட்டு, ஆட்டம், நகைச்சுவை வசனம் ஆகியவற்றால் மேடையில் எடுத்துக்காட்டும் நாடக வகையை அங்கதக் கூத்து எனலாம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மாமல்லபுரக் கடற்கரை ஆகியவை அடங்கிய தொண்டை மண்டலத்தில் இதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுச் சான்று உண்டு. காலம்தோறும் மொழியும் மேடையும் மாறினாலும் ஒரு தன்மை நிலைத்து நின்றது. ஆட்சியின் குறையை எளியவர் ஒருவரே தம் பேச்சுமொழியில் சொல்லிவிடுவார். இந்த வகையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதல் சான்று, ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’. இவனுடைய மகன் மாமல்லனின் பெயரால்தான் மாமல்லபுரம் வழங்குகிறது. மகேந்திரனின் விருதுப் பெயர்களைச் செங்கல்பட்டை அடுத்த வல்லம் குடைவரையில் இன்றும் காணலாம். ‘மத்தவிலாசன்’ என்பதும் அவனுடைய விருதுப் பெயர்தான். காஞ்சிக்குத் தெற்கே உள்ள மாமண்டூர்க் கல்வெட்டு இந்த நாடகத்தைக் குறிப்பிடுகிறது. கதை காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. குடிமயக்கத்தில் இருக்கும் சைவக் காபாலிகன் சத்தியசோமனின் பிச்சைப் பாத்திரமான கபாலம் காணாமல் போகிறது. அவன் பௌத்தத் துறவி நாகசேனன் மீது பழி போடுகிறான். பாசுபதச் சைவன் ஒருவன் நடுவராக வருகிறான். உண்மையில் கபாலத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அதை மீட்டுக் கொண்டு வருபவன் ஒரு பித்தன்.

இது சமயப் பூசலைக் கேலி செய்யும் நாடகமே ஒழிய, இதில் அரசியல் இல்லை என்பது வலுவான ஆட்சேபம். கேலிக்கு உள்ளாகுபவர்கள் சமயத்தாரும் சமய நெறியில் திரிபவர்களுமே என்பதும் உண்மை. ஆனால் வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகலாம் என்று பாசுபதன் சொல்லும் இடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அப்படியானால் கபாலத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்கிறாள் காபாலிகனின் துணைவி தேவசோமை. பல விகாரைகளின் வருமானத்தைக் கையில் வைத்திருக்கும் துறவியால் நீதிமன்ற அதிகாரிகளின் வாயை அடைக்க முடியும். பாம்புத் தோலும் திருநீறுமே சொத்தாக உள்ள தங்களால் என்ன கொடுக்க முடியும் என்பது அவள் கேள்வி. மன்னன் தன் தலைநகரின் நீதிமன்றத்தில் லஞ்சம் ஓடுவதைத் தன் நாடகத்திலேயே சொல்ல வைக்கிறான். அதைச் சொல்பவள் ஓர் ஏழைப் பெண். நாடக மரபில் மேலோர் பேசும் சமஸ்கிருதத்தில் அவள் பேசவில்லை, பிராகிருதத்தில் பேசுகிறாள். இதற்குப் பிறகும் இதை வெறும் சமயக் கேலி என்று ஒதுக்குவது பொருந்தாது.

அடுத்த சான்று தெருக்கூத்து. வட மாவட்டங்களில் இது கட்டைக்கூத்து என்றும் வழங்குகிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் விடிய விடிய நடக்கும் இந்த ஆட்டத்தில் கட்டியக்காரன் அரசனின் வேலைக்காரனாக வருகிறான். திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவை ‘நீ யார், எந்த ஊர்’ என்று கேட்டுப் பேச வைப்பவன் அவன். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்த வேடம் பாட்டாலும் செந்தமிழாலும் தன்னை விளக்கும்போது, இவன் ஊர்ப் பேச்சில் குறுக்கிடுவான். பாரதக் கதைக்குள் இன்றைய ஊர்ப் பிரச்சினையை இழுத்து வருவான். ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்க, பின்பாட்டுக்காரர்கள் பாட்டின் அடியைத் திரும்பப் பாடுவார்கள். ஒருவர் பாடியது அப்போது கூட்டத்தின் குரலாகிவிடும்.

அரண்மனை நாடகத்துக்கும் தெருக்கூத்துக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என்று வாதிட இந்தச் சான்றுகள் போதா. வேலைக்காரனும் ஏழைப் பெண்ணும் அதிகாரத்தின் எதிரே நின்று பேசும் உத்தி இரண்டிலும் ஒன்று என்பதே இங்கு முன்வைக்கப்படுவது. அரசன் அனுமதித்த கேலிக்குப் பல் இருக்காது என்ற மறுப்பும் எழலாம். அனுமதியை மறுத்த ஆட்சிகளின் செயலே இதற்கு விடை. 1876இல் ஆங்கிலேய அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டு வந்தது. விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநில அரசும் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் இயற்றியது. அன்றைய செய்தியை வசனத்தோடு கலந்து பேசிய எம். ஆர். ராதாவின் நாடகங்கள் அதற்கு முக்கியக் காரணம். காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ நீதியையே கூண்டில் ஏற்றிய காலமும் அதை ஒட்டியதே. அந்த மேடையில் பாட்டு குறைந்து வசனம் ஓங்கியது. பல் இல்லாத ஒன்றைத் தடுக்கச் சட்டம் தேவைப்படாது.

1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய சட்டங்களின் கீழ் எழுதிய பிரதியைக் காட்டி முன்கூட்டி அனுமதி பெறும் ஏற்பாடு கட்டியக்காரனுக்குப் பொருந்தாது. அவன் சொல் அந்த இரவில், அந்தக் கூட்டத்தின் முன் பிறக்கிறது. தன் நீதிமன்றத்தின் குறையைத் தன் மேடையிலேயே பேசவிட்ட மகேந்திரன், மேடைக் கேலியைத் தடுக்கக் கூடாது என்பதைப் பின்வந்த ஆட்சிகள் பலவற்றைவிட நன்கு அறிந்திருந்தான்.