கணினி விளையாட்டுக்குப் புதியவர்கள் வந்த வழி

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை உருவாக்கியவர்களின் வரலாற்றையே எழுதுகின்றனர். யார், எந்த ஆண்டில், எதைச் செய்தார் என்ற விபரங்கள் அவற்றில் நிறைய உண்டு. ஆனால், ஒன்றும் அறியாமல் முதன்முதலாகக் கணினிக்கு முன் அமர்ந்த சாதாரண மனிதருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது, எது மூடியிருந்தது என்பதும் வரலாறுதான். அந்தக் கதையை இங்கு சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1962 இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கினர். அது இயங்கிய பி.டி.பி.-1 கணினியின் விலை ஏறத்தாழ 120,000 டொலர். அத்தகைய ஆய்வுகூடங்களுக்குள் கால்வைக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே அந்த விளையாட்டு உரியதாக இருந்தது.

எழுபதுகளில் வேறொரு வழி பிறந்தது. டேவிட் ஆல் தொகுத்த பேசிக் மொழி விளையாட்டுப் புத்தகம் பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. புத்தகத்தில் விளையாட்டு இல்லை. அதன் நிரல் வரிகளே இருந்தன. வாங்கியவர் அவற்றை வரிவரியாகத் தட்டச்சுச் செய்தாக வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் விளையாட்டு நின்றுவிடும். விளையாட வந்தவர் முதலில் தட்டச்சாளராகவும் பிழைதிருத்துநராகவும் ஆகவேண்டியிருந்தது.

1981 ஓகஸ்ட் 12 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை அறிமுகம் செய்தபோது அதன் தொடக்க விலை 1,565 டொலர். அந்த விலைக்குத் திரையோ டிஸ்க் டிரைவோ கிடையாது. அது முதன்மையாக அலுவலகத்துக்கான இயந்திரம். ஆயினும் அதன் இயக்கமுறைமையுடன் 'டொங்கி' என்ற சிறு விளையாட்டும் வந்தது. வீதியில் எதிர்ப்படும் கழுதைகளில் மோதாமல் காரை ஒதுக்கிச் செல்வதே ஆட்டம். அதை எழுதிய இருவரில் ஒருவர் பில் கேட்ஸ் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

ஆனால் உலகம் முழுவதற்குமான கதவு 1990 இலேயே திறந்தது. அவ்வாண்டு வெளியான விண்டோஸ் 3.0 உடன் 'சொலிட்டயர்' இலவசமாக வந்தது. மைக்ரோசொப்ட்டில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த வெஸ் செரி என்ற இளைஞர் அதை எழுதினார். சீட்டுகளை வரைந்தவர் சூசன் கேர். மவுஸைப் பிடித்து, அழுத்தி, இழுத்து, உரிய இடத்தில் விடுவது அன்று பெரும்பாலானோருக்குப் பழக்கமில்லாத வேலை. அந்தப் பழக்கத்தையும், கணினி பற்றிய அச்சம் நீங்கும் மனநிலையையும் இந்த விளையாட்டு கொடுத்தது. தொண்ணூறுகளில் பத்திரிகை அலுவலகங்களில் கணினிக்கு மாறிய எங்கள் தலைமுறையினர் பலருக்கு மவுஸ் பழக்கியது எந்த வகுப்பும் அல்ல, இந்தச் சொலிட்டயர்தான். 304 விளையாடிப் பழகிய கைகளுக்குக் கடதாசியைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விளையாடிய அந்த ஆட்டத்துக்கு, அதை எழுதியவருக்கு உரிமத்தொகையாக ஒரு சதமும் கிடைக்கவில்லை என்பதும் இங்கு பதிவுசெய்யப்பட வேண்டியதே.

சொலிட்டயரைத் தாண்டிச் செல்ல விரும்பியவருக்கோ டொஸ் இயக்கமுறைமை பெரும் மதிலாக நின்றது. அடிப்படை நினைவகம் 640 கிலோபைட்டுகள் மட்டுமே. அதில் மவுஸுக்கான சிறு மென்பொருள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சி.டி. டிரைவுக்கானது இன்னொரு பங்கைப் பிடிக்கும். எஞ்சியது விளையாட்டுக்குப் போதாது. கணினி தொடங்கும்போது வாசிக்கும் கோப்புகளை மாற்றி எழுதியே இடம் தேடவேண்டும். ஒலி கேட்கவேண்டுமானால் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு 220, 5, 1 போன்ற எண்களைச் சரியாகக் கொடுக்கவேண்டும். அக்காலத்து இளைஞர் பலர் கணினித் துறைக்குப் போனதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் மனம் சலித்துத் திரும்பிப் போனவர்களை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

1993 டிசெம்பர் 10 இல் 'டூம்' வெளியானது. ஐடி சொப்ட்வெயார் நிறுவனத்தினர் அதன் முதற்பகுதியை விஸ்கொன்சின் பல்கலைக்கழகச் சேவையகம் வழியாக இலவசமாக வெளியிட்டனர். படியெடுத்து நண்பருக்குக் கொடுங்கள் என்பதே அவர்களின் வேண்டுகோள். பிடித்திருந்தால் மீதியைப் பணம் கொடுத்து வாங்கலாம். 'ஷெயார்வெயார்' எனப்பட்ட இம்முறையில் புதியவர் முன்பணம் எதுவும் இழப்பதில்லை. விளையாட்டு விற்கும் கடையே இல்லாத ஊர்களுக்கும் பிளொப்பி டிஸ்க்குகள் கைமாறிச் சென்றன.

அடுத்த ஆண்டு நத்தாருக்கு வந்த டிஸ்னியின் 'லயன் கிங்' கதைப்புத்தக மென்பொருள், புதிதாக விற்பனையான பல கணினிகளில் இயங்காமல் நின்றது. திரையை இயக்கும் மென்பொருளுடன் அது ஒத்துப்போகவில்லை. பரிசைப் பிரித்த பிள்ளைகள் அழுதனர்; பெற்றோர் தொலைபேசியில் முறையிட்டனர். கணினி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும்போது, பொறுப்பை வாங்குபவர் தலையில் சுமத்த முடியாது என்பதை இத்தகைய அனுபவங்கள் உணர்த்தின. 1995 இல் விண்டோஸ் 95 உம் அதையடுத்து டிரெக்ட்எக்ஸும் வந்தபின், விளையாட்டுக்கும் வன்பொருளுக்கும் இடையிலான பேச்சுவார்த்தையை இயக்கமுறைமையே பொறுப்பேற்றது.

2003 செப்டெம்பரில் வால்வ் நிறுவனம் ஸ்டீமை ஆரம்பித்தது. பிற்காலத்தில் அது வாங்குவது, நிறுவுவது, திருத்தங்களைச் சேர்ப்பது ஆகிய அனைத்தையும் ஓரிடத்துக்குக் கொண்டுவந்தது. வாசல் அகலமானது உண்மை. ஆனால் பெட்டியில் இருந்த டிஸ்க் போய், அனுமதிப் பத்திரம் மட்டுமே கைக்கு வந்தது. நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, உரிமத்தையே என்று விற்பவர் வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என கலிபோர்னியா மாநிலம் சட்டமியற்றியது 2024 இல்தான்.

இன்று இத்துறைக்குள் நுழைய விரும்பும் ஒருவரை முதலில் மிரட்டுவது விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டைகளின் பெயர்ப்பட்டியலே. மேற்சொன்ன வரலாறு அதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது. மக்களைப் பெருந்தொகையாக உள்ளே அழைத்து வந்தவை, இருக்கின்ற கணினியில் இயங்கியவையும் இலவசமாகத் தொட்டுப்பார்க்க விட்டவையுமே. தொண்ணூறுகளின் டொஸ் விளையாட்டுகள் பல இன்று டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளின் துணையுடன் சாதாரண மடிக்கணினியிலும் இயங்குகின்றன. 640 கிலோபைட்டுகளுக்குள் இடம் தேடும் வேலையை இப்போது அதுவே செய்துவிடுகிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள், இது பிள்ளைகளின் உலகம் என்று ஒதுங்கத் தேவையில்லை. ஒரு காலத்தில் அலுவலகக் கணினியில் கறுப்பு ஏழின்மேல் சிவப்பு ஆறை இழுத்து வைத்தவர் எவரோ, அவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்தான்.