ஜார்ஜ் டவுன் பொதுவெளிகளும் குடிமக்களும்: கப்பித்தான் கெலிங் வக்ஃபு நிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நகரொன்றில் சீரழிந்த பொதுவெளியை மீட்பது என்பது பெரும்பாலும் இடிபாடுகளை அகற்றுதல், நடைபாதை அமைத்தல், மரம் நடுதல் என்னும் பணிகளாகவே கருதப்படுகிறது. அவ்விடத்தைப் புழங்கிவந்த மக்கள் என்னவாயினர் என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பினாங்குத் தமிழர் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிலத்தின் வழி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வக்ஃபு நிலமும் குடியிருப்பும்

1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய ஜார்ஜ் டவுனில், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் தொடக்கக் காலம் முதலே குடியேறினர். அவர்களின் தலைவரான காதிர் முகைதீன் 1801இல் பள்ளிவாசலை நிறுவினார். இதற்கென ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய நிலம் 18 ஏக்கராகும். அந்நிலம் தொழுகைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வணிகர், தொழிலாளர் எனப் பலரும் அதில் வாழ்ந்தனர். பள்ளிவாசலைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது.

காலப்போக்கில் வக்ஃபு சொத்துகளின் நிர்வாகம் பூசலுக்கு உள்ளாயிற்று. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முகமதிய, இந்து அறநிலைய வாரியம் அமைக்கப்பட்டது. காலனித்துவ அரசு அறநிலையங்களின் மேலாண்மையில் நேரடியாக நுழைந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிவாசல் விரிவாக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த நெருக்கமான குடியிருப்புகள் அகற்றப்பட்டுத் திறந்தவெளி உருவாக்கப்பட்டது. இன்று பயணிகள் வியக்கும் அகன்ற காட்சி இவ்வாறு உருவானதே. காற்றோட்டமும் தூய்மையும் அதனால் கிட்டின என்பதை மறுக்கவியலாது. ஆயினும் பள்ளிவாசலைத் தம் முற்றமாகக் கொண்டிருந்தோர் அவ்விடத்தினின்று விலகினர்.

வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய பின்

வேறொரு வகையான இடப்பெயர்வு நூற்றாண்டின் இறுதியில் நகரம் முழுவதையும் பற்றிக்கொண்டது. போருக்கு முந்திய கட்டடங்களில் வாழ்ந்தோரைக் காத்துவந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அந்நீக்கம் 2000 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. குறைந்த வாடகை உரிமையாளர்க்குப் பழுதுபார்ப்பில் ஊக்கம் தரவில்லை என்பது உண்மையே. எனினும் பாதுகாப்பு திடுமென நீங்கியதால் குடும்பங்கள் பல வெளியேறின. கடைவீடுகள் பல பூட்டிக்கிடந்தன.

2008 ஜூலை 7இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் இணைந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2012இல் எர்னஸ்ட் சக்காரெவிச் தீட்டிய சுவரோவியங்கள் ஆர்மேனியன் தெரு முதலிய இடங்களுக்குக் கூட்டத்தை ஈர்த்தன. வெறிச்சோடிய தெருக்கள் மீண்டும் கலகலப்படைந்தன. ஆயினும் வந்தவர் பயணிகள், போனவர் குடிமக்கள்.

சியா போய்: ஒரு மாற்று நோக்கு

மரபுடைமைத் தலத்தின் ஓரத்தில், பிராங்கின் கால்வாயை ஒட்டி அமைந்த சியா போய் பழைய சந்தையும் இத்தகைய வெறுமையைக் கண்டது. 2004இல் சந்தை இடம் மாற்றப்பட்ட பின்னர் அவ்வளாகம் நெடுநாள் பாழ்பட்டிருந்தது. அகழாய்வில் பழைய கால்வாய்க் கட்டுமானங்கள் வெளிப்பட்டதை அடுத்து, 2019இல் அது நகர்ப்புறத் தொல்லியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கட்டணமின்றி யாவரும் அமரக்கூடிய நிழலும் நீரும் அங்குண்டு. பழைய சந்தையின் கொடுக்கல் வாங்கலைப் பூங்காவால் மீட்க இயலாது. எனினும் எவரையும் புதிதாக வெளியேற்றாமல் ஓர் இடத்தை மக்களுக்குத் திருப்பித் தந்தது என்னும் வகையில் அது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பள்ளிவாசல் வெளி திட்டமிட்டுப் பெறப்பட்டது. கடைத்தெருக்களின் வெறுமை சட்டமாற்றத்தால் நேர்ந்தது. இரண்டிலும் கட்டடம் நிலைத்தது, குடி பெயர்ந்தது. எனவே பொதுவெளி வடிவமைப்பில் முதற்கண் எழுப்ப வேண்டியது, அங்கு நாளும் வந்துபோவோர் யார், திட்டம் முடிந்த பின்னும் அவர்கள் அங்கிருப்பார்களா என்னும் வினாவேயாகும். இதற்கு வக்ஃபு முதலிய அறநிலைய நிலங்கள் நல்வாய்ப்பாகும். விற்பனைக்குரியன அல்லாத அந்நிலங்களில், நெடுங்காலக் குடியிருப்பாளருக்கும் மரபுத் தொழில் செய்வோருக்கும் தாங்கத்தக்க வாடகையில் இடம் ஒதுக்க இயலும். சமூகத்தின் நலனுக்கென அளிக்கப்பட்ட நிலம் அச்சமூகத்தைத் தாங்கி நிற்பதே அறக்கொடையின் மூல நோக்கத்துக்கும் பொருந்துவதாகும்.