கூடுதலும் கூட்டுதலும்: சேத்தூர்ச் சீமையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

இராசபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சேத்தூர். பழைய நூல்கள் இதனைச் சேற்றூர் என்று எழுதும். ஜமீன் காலத்தில் கவிராயர் பரம்பரையை ஆதரித்துத் தமிழ் வளர்த்த பெருமை இவ்வூருக்கு உண்டு. இன்று இவ்வட்டாரத்தின் முகம் வேறு. 1936இல் இராசபாளையத்தில் தொடங்கப்பெற்ற நூற்பாலையைத் தொடர்ந்து பல ஆலைகள் எழுந்தன. அருகிலுள்ள சத்திரப்பட்டிப் பகுதியின் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணியை நெய்கின்றன. கூலி ஒப்பந்தம் முடியும் காலங்களில் அத்தறிகள் ஓய்ந்து நிற்பதும், தொழிலாளர் வீதியில் கூடுவதும், பேச்சுவார்த்தை நடப்பதும் இப்பகுதி மக்கள் நன்கறிந்த காட்சிகள்.

இக்காட்சியைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு வினா எழுவதுண்டு. இவ்வளவு பேரை ஓரிடத்தில் கூட்டுபவர் யார்? வரலாற்று நூல்கள் தலைவரின் பெயரையும் துப்பாக்கிச் சூட்டின் தேதியையும் குறித்து வைக்கின்றன. கூட்டத்துக்கு இடம் தேடியவரும், பாட்டுக் கட்டியவரும், வேலையிழந்த வீட்டில் உலை வைக்க அரிசி திரட்டியவரும் அடிக்குறிப்பில்கூட இடம் பெறுவதில்லை. ஆனால் ஒரு போராட்டம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இவர்களைப் பொறுத்தே அமைகின்றன. தமிழகத்தின் தொடக்ககாலத் தொழிலாளர் போராட்டங்கள் இரண்டை அருகருகே வைத்து இதனை ஆராய்வோம்.

மக்கா நகரின் ஒரு நிகழ்ச்சி

அதற்குமுன், நம் வாசகர் அறிந்த ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருத்தமாகும். யமன் நாட்டின் ஸபீத் என்னும் ஊரிலிருந்து மக்காவுக்குச் சரக்குடன் வந்த வணிகர் ஒருவரிடம், நகரப் பிரமுகராகிய ஆஸ் இப்னு வாயில் சரக்கைப் பெற்றுக்கொண்டு விலை தர மறுத்தார். அயலூரார்க்கு அங்கு உறவுமில்லை, கோத்திரத்தின் காவலுமில்லை. அவர் அபூகுபைஸ் மலைமீது ஏறி, தமக்கு நேர்ந்த அநீதியைக் கவிதையாகவே உரத்துப் பாடினார். கஅபாவைச் சூழ்ந்திருந்தோர் செவிகளில் அது விழுந்தது. அதன் பயனாக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடிய குறைஷிக் குலத்தார் சிலர், அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் அயலாராயினும் அவருக்குரியதை மீட்டுத் தருவதென்று உடன்படிக்கை செய்துகொண்டனர். வணிகருக்குரிய பொருளும் மீட்டளிக்கப்பட்டது. ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ எனப்படும் அவ்வுடன்படிக்கையில் இளமைப் பருவத்திலிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களும் கலந்துகொண்டார்கள். நபித்துவத்திற்குப் பின்னரும் அதனைப் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் மூன்று கூறுகள் உள. முறையீடு கவிதையாய் ஒலித்தது. அது மறைவில் சொல்லப்படாமல் பொதுவிடத்தில் சொல்லப்பட்டது. கூடியவர்கள், ‘இவர் நம் குலத்தவரா?’ என்று கேட்கவில்லை. இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு நம் மண்ணின் வரலாற்றைப் பார்ப்போம்.

தூத்துக்குடி, 1908

1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் தூத்துக்குடிப் போராட்டம் சேத்தூர்ச் சீமையின் வரலாற்றுக்கு அயலானதன்று. 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரனார் பதிவு செய்த சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். அதன் தலைவராய் அமைந்த பாண்டித்துரைத் தேவர், இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் பாலவநத்தம் ஜமீன்தார். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்டவர். எண்ணாயிரம் பங்குகளுக்குரிய இரண்டு இலட்சம் ரூபாயை ஒருவராகவே ஈந்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். ஐந்திலொரு பங்கு மூலதனம் ஒரு முஸ்லிம் வணிகரின் கையிலிருந்து வந்தது என்பதை நம்மவர் பெருமையுடன் எழுதுவதுண்டு; அது தகும்.

ஆயினும் நாம் இங்குக் கருதுவது கப்பலை அன்று, ஆலையை. ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலையில் வார விடுமுறை என்பதே இல்லை. கூலியும் மிகக் குறைவு. 1908 பிப்ரவரியில் வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் தொழிலாளர் நிலையைப் பற்றி நாள்தோறும் பேசினர். பிப்ரவரி 27ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. வேலையிழந்தோர்க்கு உணவும் மாற்றுவேலையும் கிடைக்க வ. உ. சி. ஏற்பாடு செய்தார். நகர மக்கள் பொருளுதவி அளித்தனர். ஆலைத் தரப்பை ஆதரித்த வழக்கறிஞர் ஒருவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில், மேற்கொண்டு மழிக்க மாட்டேன் என்று நாவிதர் எழுந்துவிட்டார் என்பது தூத்துக்குடி மக்கள் இன்றும் மறவாத செய்தி. சலவைத் தொழிலாளரும் அவ்வாறே கைவிரித்தனர். ஒரு வாரத்துக்குச் சற்று மேலான காலத்திலேயே நிர்வாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

தொழிலாளர்க்கென முறையான சங்கமோ, அதனைக் காக்கும் சட்டமோ இல்லாத காலத்தில் இவ்வெற்றி எவ்வாறு வாய்த்தது? ஆலைக்குள் நடந்த போராட்டத்தை நகரம் முழுவதும் தன்னுடையதாகக் கொண்டது. வணிகர், வழக்கறிஞர், நாவிதர், வண்டியோட்டி ஆகிய யாவரும் தத்தம் தொழிலையே படைக்கலமாக்கினர். மார்ச் 12இல் தலைவர்கள் கைதானதும் மறுநாள் திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கடைகள் மூடப்பெற்றன. கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை விட்டு வெளியேறினர். திலகருக்காகப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தது அவ்வாண்டு ஜூலையில்தான் என்பது கருதத்தக்கது.

பெரம்பூர், 1918 முதல் 1921 வரை

சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் ஆலையில் கழிக்க வேண்டும். நண்பகல் உணவுக்கான இடைவேளையோ மிகக் குறுகியது. அப்பகுதியில் செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்னும் இருவர் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் பக்திச் சொற்பொழிவுகளும் பஜனையும் நடத்தி வந்தனர். கேட்க வந்த ஆலைத் தொழிலாளர், சொற்பொழிவு முடிந்தபின் தம் குறைகளைச் சொல்லத் தொடங்கினர். அக்குறைகளைச் சுமந்துகொண்டு இருவரும் பி. பி. வாடியாவை நாடிச் சென்றனர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமென வரலாற்றாசிரியர் பலர் போற்றுவது இதனையே. வாடியாவின் ஆங்கிலம் எட்டாத இடத்தைத் திரு. வி. கலியாணசுந்தரனாரின் தமிழ் எட்டிற்று.

ஒரு பஜனைக்கூடம் தொழிற்சங்கத்தின் தொட்டிலானது வியப்பூட்டும் செய்தி. ஆனால் அத்தொட்டிலுக்கு ஒரு வரம்பும் இருந்தது. பஜனைக்கு வருவோர் யார், வாராதோர் யார் என்னும் பிரிவு, சங்கத்தினுள்ளும் ஓசையின்றிப் புகுந்திருக்கக் கூடுமன்றோ? 1921இல் அப்பிரிவு வெளிப்பட்டது.

அவ்வாண்டு கோடையில் கர்நாடிக் ஆலையில் மூண்ட தகராறையொட்டி, ஜூன் 20ஆம் நாள் பக்கிங்ஹாம் ஆலையிலும் வேலைநிறுத்தம் தொடங்கியது. சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் பெரும்பாலும் வெளியே நின்றனர். ஆதிதிராவிடத் தொழிலாளருள் மிகப் பலர் வேலைக்குத் திரும்பினர். ஒத்துழையாமை, கிலாஃபத் இயக்கங்களின் எழுச்சிக்காலம் அது. கிலாஃபத் ஆதரவாளர் வேலைநிறுத்தத்தினர் பக்கம் நின்றனர். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. குடிசைகள் எரிந்தன. அரசு ஆதிதிராவிடர்க்குத் தனி முகாம் அமைத்துக் காவல் தந்தது. ஆகஸ்ட் 29இல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அக்டோபருக்குள் வேலைநிறுத்தம் பயனின்றி முறிந்தது.

இத்தோல்விக்கு நிர்வாகத்தின் சூழ்ச்சியை மட்டும் காரணமாகச் சொல்லி அமைவது எளிது. பிளவை நிர்வாகமும் அரசும் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மையே. ஆனால் பயன்படுத்தத்தக்க பிளவு ஒன்று முன்னரே இருந்ததன்றோ? அன்றாடக் கூலி நின்றால் அன்றே பட்டினி என்ற நிலையிலிருந்த ஆதிதிராவிடர்க்குக் கைம்மாற்றுக் கொடுப்பார் எவருமில்லை. தம்மைச் சேரிக்குள் ஒதுக்கிவைத்தோர், வேலைநிறுத்த நாளில் மட்டும் ‘தோழர்’ என்று அழைத்தால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? எம். சி. ராஜா போன்ற அவர்தம் தலைவர்கள் எழுப்பிய வினா இதுவே. முஸ்லிம்களாகிய நாமும் அன்று எரிந்த குடிசைகளின் எதிர்ப்பக்கத்தில் நின்றோம் என்பதை மறைத்துப் பயனில்லை. பக்கீர் சேட்டின் பங்குகளை எண்ணிப் பெருமைப்படும் நாம், புளியந்தோப்பையும் அதே ஏட்டில் எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளோம். குலம் வினவாத உடன்படிக்கையைப் போற்றும் சமுதாயத்துக்கு இக்கடமை இருமடங்கு.

எனினும் பெரம்பூரின் உழைப்பு முற்றிலும் வீண்போகவில்லை. 1920ஆம் ஆண்டுப் போராட்டத்தையொட்டி வாடியா முதலியோர்மீது நிறுவனம் தொடுத்த வழக்கு, சங்கம் அமைப்பதே குற்றமோ என்ற ஐயத்தை நாடு முழுவதும் எழுப்பியது. அதன் தொடர்ச்சியாகவே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது.

விழாவும் மேடையும்

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கூட்டங்களை நடத்தினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடப்பெற்றது அதுவே முதன்முறை. கோரிக்கைக்கு மட்டும் கூடிய தொழிலாளர்க்குக் கொண்டாடவும் ஒரு நாள் கிடைத்தது. வேலைநிறுத்தம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். விழாவோ ஆண்டுதோறும் மீண்டும் கூட்டும்.

தென்மாவட்டங்களில் இப்பணியை நாடக மேடை செய்தது. சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், புராண நாடகத்தின் இடையே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31இல் சென்னையில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே உயிர்நீத்தார். அவரும் நாவிதர் குலத்தில் தோன்றியவர். தூத்துக்குடியில் கத்தியை மடக்கி எழுந்த கையும், மேடையில் உயர்ந்த இக்குரலும் ஒரே மரபின என்று கொள்வதில் தவறில்லை. பின்னர்த் தொழிலாளர்க்குப் பாட்டெழுதிய ஜீவானந்தம் 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தை நிறுவினார். 1975இல் மதுரையில் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. பிற்காலத்தில் அதன் கலை இரவுகள் ஊர் ஊராக மக்களைத் திரட்டின.

முடிவாக

தூத்துக்குடி வென்றதும் புளியந்தோப்பு முறிந்ததும் தலைவர்களின் ஆற்றல் வேறுபாட்டால் நிகழ்ந்தவை அல்ல. திரு. வி. க.வின் நாவன்மைக்கு என்ன குறை? தூத்துக்குடியில் போராட்டத்துக்கு வெளியே நின்ற நகரம் உள்ளே வந்தது. பெரம்பூரில் உள்ளே இருந்தவர்களுள் ஒரு பகுதியினர் வெளியே தள்ளப்பட்டனர். வேறுபாடு இவ்வளவே.

சேத்தூர் வட்டாரத்து ஆலைகளிலும் தறிகளிலும் இன்று பல சாதியாரும் சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். கூலி ஒப்பந்தத்துக்கான கூட்டத்துக்கு அவர்கள் ஒன்றாகவே வருகின்றனர். அந்நாள் கழிந்தபின் அவரவர் தெருவுக்குத் திரும்புகின்றனர். அடுத்த கூட்டம் நிலைக்குமா முறியுமா என்பது அந்தத் தெருக்களிலேயே முடிவாகிறது. ஒரு திருமணத்துக்கு அழைப்பதும், ஒரு மரணத்துக்குச் செல்வதும், நோன்புக் கஞ்சியை மதில் கடந்து அனுப்புவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அபூகுபைஸ் மலையில் ஒலித்த குரலுக்குக் கீழே ஒரு வீடு திறந்திருந்தது. நம் ஊர்களிலும் அத்தகைய வீடுகள் திறந்திருக்க வேண்டும். முறையீட்டுக் குரல் எழுவதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும்.