குமாவுன் வனப் பஞ்சாயத்துகள்

இமயமலைச் சரிவிலுள்ள குமாவுனில் 1911 முதல் 1917 வரை பிரிட்டிஷ் அரசு பரந்த காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக, அதாவது மேய்ச்சலும் விறகெடுப்பும் கட்டுப்படுத்தப்பட்ட அரசுடைமையாக, அறிவித்ததால், மாட்டுக்குத் தீவனமும் வயலுக்குத் தழையுரமும் தந்த ஓக் காடுகளில் ஊரார் வழிவழியாகக் கொண்டிருந்த அனுபோக உரிமை சுருங்கியது. இதை எதிர்த்து ஊரார் மூட்டிய தீயில் 1921இல் காடுகள் பற்றி எரிந்தன. வனத்துறை பிசினுக்காகப் பேணிய பைன் மரங்களே பெரும்பாலும் தீக்கிரையானதும், ஓக் காடுகள் பெரிதும் தப்பியதும் தற்செயலன்று. அவ்வாண்டே அமைந்த குறைதீர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1931இல் வனப் பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஊரார் தேர்ந்தெடுத்த பஞ்சர்கள், அதாவது மன்ற உறுப்பினர்கள், காவலாள் அமர்த்தவும், புல்லறுக்கும் நாள்களைக் குறிக்கவும், மீறியவரிடம் தண்டம் வாங்கவும் அதிகாரம் பெற்றனர். ஆயினும் அரசின் மேற்பார்வை நீங்காததால் அவ்வுரிமை அரைகுறையாகவே இருந்தது; 1976ஆம் ஆண்டு விதிகள் அந்தப் பிடியை மேலும் இறுக்கின.